யார் பார்த்தது?

நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று வைத்தியர் வாக்குக் கொடுப்பது பழைய கிரேக்கத்து ஹிப்பாக்ரடீஸ் சபதத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது போதும். இரகசியம் தெரிந்தவர் ஒருவர். அவர் வாயை மூடிக்கொண்டால் விஷயம் வெளியே வராது. இன்றைய பெரிய ஆஸ்பத்திரியிலோ நோயாளியின் சரித்திரம் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வைத்தியம் செய்கிற டாக்டர் ஒருவர்தான்; திறந்து பார்க்கக் கூடியவர்கள் எத்தனையோ பேர்.

இந்த மாறுதலின் விபரீதத்தை ஒரு வழக்கின் மூலம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பின்லாந்து தேசத்து நர்ஸ் ஒருவர். வழக்கு ஏடுகளில் அவர் பெயர் கிடையாது; 'ஐ' என்ற ஒற்றை எழுத்துத்தான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நாமும் ஆசைப்பட வேண்டாம்.

1989 முதல் அவர் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் சிகிச்சைப் பிரிவில் தாற்காலிக வேலையில் இருந்தார். அதே ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவுக்கு 1987 முதலே நோயாளியாகப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்ட வருஷங்கள் அவை.

1992-ஆம் வருஷத் தொடக்கத்தில், கூட வேலை செய்கிறவர்களின் பேச்சிலிருந்து, தம் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. தெரிவதற்குத் தடைதான் என்ன? ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவேட்டை அங்கே வேலை செய்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். என்ன வியாதி, எந்த டாக்டர் என்பதெல்லாம் அதில் இருந்தன. இப்படித் திறந்து வைத்ததில் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுராத்திரியில் மூர்ச்சையாகி வருகிறவனுடைய பழைய வியாதியைத் தெரிந்துகொள்ளச் சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் கண் பிரிவுக்காரருக்குத் தொற்றுநோய்ப் பிரிவின் ஏட்டில் என்ன அவசரம்?

அந்தக் கோடையில் அவர் தம் டாக்டரிடம் முறையிட்டார். அதன்பின் சிகிச்சை செய்யும் பிரிவினர் மட்டுமே பார்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று. பிற்பாடு அவருக்குப் பதிவேட்டில் ஒரு பொய்ப் பெயரே கொடுத்தார்கள். வேலை பார்க்கும் இடத்திலேயே மாறுவேஷத்தில் வைத்தியம்! 1995-இல் அவருடைய வேலை புதுப்பிக்கப்படவில்லை.

1996-இல் அவர் அதிகாரிகளிடம் விண்ணப்பித்துக்கொண்டார். "என் ஏட்டைப் பார்த்தவர்கள் யார்?" இதுதான் அவர் கேட்டது. வந்த பதிலைக் கவனியுங்கள். கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும். அதுவும் எந்தப் பிரிவு என்று சொல்லுமே தவிர, எந்த ஆள் என்று சொல்லாது. ஏடு காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்த ஐந்தும் அழிந்துவிடும்.

நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். ஏட்டை முறைகேடாகப் பார்த்ததற்கு உறுதியான சாட்சியம் இல்லை என்று முதல் கோர்ட் தள்ளிவிட்டது. மேல் கோர்ட், ஜாடைப் பேச்சுகளைப் பற்றி அவர் சொன்னது நம்பத்தக்கதே என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் ருசு இல்லை என்றது. ருசுவை வைத்திருக்க வேண்டிய ஆஸ்பத்திரி அதை வைத்துக்கொள்ளவில்லை. அதன் பலன் ஆஸ்பத்திரிக்கே கிடைத்தது! எதிர்க்கட்சியின் செலவையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அப்பீலுக்கு அனுமதி தரவில்லை.

கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாக அவர் பக்கம் நின்றார்கள். சிகிச்சையில் சம்பந்தப்பட்டவர்களை மட்டும் ஏட்டைப் பார்க்க விட்டிருந்தாலோ, பார்த்தவர்களையெல்லாம் குறித்து வைத்திருந்தாலோ, உள்நாட்டுக் கோர்ட்டுகளில் அவர் அவ்வளவு பலவீனமாக நின்றிருக்க மாட்டார் என்றார்கள். தீங்கு நேர்ந்தபின் நஷ்டஈடு கேட்க வழியிருக்கிறது என்று அரசாங்கம் சொல்வது போதாது. தீங்கு நேராதபடி நடைமுறையில் காப்பாற்றவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பண நஷ்டத்துக்கு 5,771.80 யூரோ, மன வேதனைக்கு 8,000 யூரோ, அது தவிர வழக்குச் செலவு.

இதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1998 மார்ச்சில், அந்த ஆஸ்பத்திரி தன் பதிவேட்டைத் திருத்தியமைத்துவிட்டது. ஏட்டைத் திறந்த ஒவ்வொருவரையும் பின்னால் கண்டுபிடிக்கும் வசதி அதில் வந்தது. அந்த நர்ஸின் ஏட்டைத் திறந்தவர் யார் என்பது மட்டும் எந்தக் கோர்ட்டிலும் தெரியவரவில்லை.