'கணக்கு வேண்டாம்னுதான் ஆர்ட்ஸ் எடுத்தேன்'... முதலாண்டு மாணவர்களை மிரட்டும் புள்ளியியல்: எங்கிருந்து தொடங்கலாம்?

பிளஸ் டூ முடிந்ததும், "அப்பாடா, இனிமே கணக்கு இல்ல" என்ற நிம்மதியோடு சமூகவியல், சமூகப்பணி, அரசியல் அறிவியல் என்று சேருகிற மாணவர்கள் நிறைய. சிலபஸைப் புரட்டும்போது புள்ளியியல் என்று ஒரு தாள் எட்டிப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

பயப்பட வேண்டியதில்லை. இதில் கணிசமான பகுதி ஏற்கெனவே படித்ததுதான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் 9-ம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. திட்ட விலக்கம் 10-ம் வகுப்பில். கல்லூரியில் புதிதாகச் சேருவது ஒரு பழக்கம்: கையில் இருக்கும் எண் யாரிடமிருந்து வந்தது, அது எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று கேட்கும் பழக்கம்.

எல்லா எண்ணும் எண் இல்லை

கணக்கெடுப்புப் படிவத்தில் ஆண் என்றால் 1, பெண் என்றால் 2 என்று குறிப்பார்கள். கம்ப்யூட்டரில் போட்டுச் சராசரி கேட்டால், அது பேசாமல் 1.4 என்று பதில் தரும். அந்த 1.4-க்கு எந்த அர்த்தமும் கிடையாது. அங்கே 1, 2 என்பது வெறும் பெயர், பஸ் ரூட் நம்பர் மாதிரி. 27-டி பஸ்ஸையும் 47-ஏ பஸ்ஸையும் கூட்டிச் சராசரி எடுக்க முடியுமா?

அளவீடுகளை இப்படி நான்கு வகையாகப் பிரித்தவர் அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ். ஆண்டு 1946. மதம், சாதி, மாவட்டம் போன்றவை வெறும் பெயர்கள். 'முழு திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை' என்பவை வரிசை உள்ளவை. வெப்பநிலையில் இடைவெளி சமம், ஆனால் பூஜ்ஜியம் டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்று பொருளல்ல. வருமானம், வயது போன்றவற்றில் பூஜ்ஜியமும் உண்மையான பூஜ்ஜியம். எந்தக் கணக்கைப் போடலாம் என்பதை முடிவு செய்வதே இந்த வகைதான்.

சராசரி எப்போது ஏமாற்றும்?

ஒரு தெருவில் 10 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 9 வீடுகளில் மாத வருமானம் தலா 15,000 ரூபாய். பத்தாவது வீடு நகைக்கடை முதலாளியுடையது, மாதம் 5 லட்சம். கூட்டி வகுத்தால் சராசரி 63,500 ரூபாய். அந்தத் தெருவில் அப்படிச் சம்பாதிக்கிற வீடு ஒன்றுகூட இல்லை! வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் 15,000. இதுதான் இடைநிலை. வருமானம், நிலம், சொத்து என்று பேசும்போது இடைநிலையைத் தேடச் சொல்வது இதனால்தான்.

நடுப்புள்ளி மட்டும் போதாது, சிதறலும் வேண்டும். 58, 59, 60, 61, 62 என்று ஐந்து மதிப்பெண்கள். இன்னொரு பக்கம் 40, 50, 60, 70, 80. இரண்டுக்கும் சராசரி 60 தான். ஆனால் முதல் குழுவின் திட்ட விலக்கம் சுமார் 1.4, இரண்டாவதுக்கு 14.1. பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இரண்டும் ஒரே வகுப்பு இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமா?

மாதிரிக் கணக்கெடுப்பைப் புரியவைக்க இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே சூட்டில் வெந்திருக்க வேண்டும். சமூகம் அப்படி வேகுவதில்லை.

1936 அமெரிக்க அதிபர் தேர்தல் இதற்குப் பெயர்போன உதாரணம். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் சுலபமாக ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. நடந்ததோ தலைகீழ். ரூஸ்வெல்ட் சுமார் 61% வாக்குகளுடன் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். வெறும் 50 ஆயிரம் பேர் அளவில் கேட்ட ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

தப்பு எங்கே? முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல்களில் இருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களில் ஆட்சி மீது கோபம் உள்ளவர்கள் அதிகம். இரண்டே ஆண்டுகளில் பத்திரிகையும் மூடப்பட்டது.

சரியான முறையில், குலுக்கல் போல 1,000 பேரைத் தேர்வு செய்தால் முடிவு சுமார் 3 சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். அந்தப் பிழையைப் பாதியாக்க 2,000 பேர் போதாது, 4,000 பேர் வேண்டும். தேர்வே கோணல் என்றால் 20 லட்சமும் வீண். ஹாஸ்டல் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு 'தமிழக இளைஞர்களின் மனநிலை' என்று தலைப்பு வைக்கும் முதலாண்டு புராஜெக்ட்டுகளுக்கும் இது பொருந்தும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 20 சதவீதம் 25 ஆனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதமாகச் சொன்னால் 25% உயர்வு. செய்திகளில்கூட இது அடிக்கடி குழம்பும்.

பெர்க்லி சேர்க்கை: அட்டவணையைப் பிரித்ததும் மாறிய கதை

முதலாண்டில் அதிகம் போடுவது குறுக்கு அட்டவணை. ஒரு பக்கம் பாலினம், மறுபக்கம் பதில். எளிது போலத் தெரிந்தாலும் வழுக்கும் இடம் இதுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி வளாகம். 1973-ல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் 44 சதவீதத்தினருக்கு இடம். பெண்கள் 4,321 பேரில் 35 சதவீதத்தினருக்கு மட்டும். பார்த்தவுடன் யாருக்கும் பாரபட்சம் என்றே தோன்றும்.

துறைவாரியாகப் பிரித்தார்கள். ஒரு பெரிய துறையில் ஆண்களுக்கு 62%, பெண்களுக்கு 82%. இன்னொன்றில் ஆண்கள் 37%, பெண்கள் 34%, கிட்டத்தட்ட சமம். அப்படியானால் மொத்தத்தில் மட்டும் எப்படி இவ்வளவு வித்தியாசம்? எளிதில் இடம் கிடைத்த அந்த முதல் துறைக்கு விண்ணப்பித்தவர்கள் 825 ஆண்கள், 108 பெண்கள்தான். இடம் கிடைப்பது கடினமான இரண்டாவதில் 325 ஆண்கள், 593 பெண்கள். பெண்கள் அதிகம் போன துறைகளில் எல்லோருக்குமே இடம் கிடைப்பது கஷ்டம். இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர்.

1975-ல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதிய ஆய்வாளர்கள் "பாரபட்சமே இல்லை" என்று முடித்துக்கொள்ளவில்லை. நெரிசலும் குறைந்த வசதியும் உள்ள துறைகளை நோக்கிப் பெண்களை வளர்ப்பும் கல்வியும் தள்ளிவிடுகின்றன என்று சுட்டிக்காட்டினார்கள். கேள்வி சேர்க்கைக் குழுவை விட்டு நகர்ந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்விட்டது. சமூகவியல் மாணவருக்கு இந்த அட்டவணை ஏன் தேவை என்று யாராவது கேட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதும் இதே குடும்பம்தான். டியூஷன் போகும் பிள்ளைகளின் மதிப்பெண் குறைவாக இருப்பதாக ஒரு கணக்கு வந்தால், டியூஷன் கெடுக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மார்க் குறைந்ததால்தான் டியூஷனில் சேர்த்திருப்பார்கள்.

பி-மதிப்பு என்றால் என்ன?

இரண்டாம் பருவத்தில் கை-ஸ்கொயர் டெஸ்ட் வரும்போது இதுவும் கூடவே வரும். நிஜத்தில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி-மதிப்பு. 0.05 என்ற எல்லைக்கோட்டைப் பிரபலமாக்கியது 1925-ல் ஆர்.ஏ.ஃபிஷர் எழுதிய புத்தகம். அது ஒரு வசதிக்கான கோடு, அவ்வளவே. நம் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை பி-மதிப்பு சொல்லாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது.

எதில் பழகலாம்?

எஸ்பிஎஸ்எஸ் 1968 முதல் இருக்கிறது, ஆனால் காசு. ஜமோவி, ஆர் இரண்டும் இலவசம். தொடக்கத்துக்கு எக்செல் போதும். தரவுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளும், தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொந்த மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எக்செல்லில் திட்ட விலக்கம் போடும்போது ஒரு குழப்பம் வரும். மேலே சொன்ன 40 முதல் 80 வரையிலான மதிப்பெண்களைக் கொடுத்தால், பி என்று முடியும் ஃபார்முலா 14.1 என்றும், எஸ் என்று முடிவது 15.8 என்றும் காட்டும். இரண்டும் சரிதான். முதலாவது 5-ஆல் வகுக்கிறது, மொத்தக் கூட்டமும் கையில் இருக்கும்போது. இரண்டாவது 4-ஆல் வகுக்கிறது, இருப்பது மாதிரி மட்டும் என்னும்போது. தேர்வில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.