கூம்பின் முன்னும் மைக்கின் முன்னும்: சேலத்தில் பாட்டுக் குரலின் மாற்றம்

இசை பயிலத் தொடங்குவோர் பலர் சுருதியையும் சத்தத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பது சுருதி. அந்த அதிர்வு எவ்வளவு வலியது என்பது சத்தம். ஆண் குரலில் ஒரு கட்டைச் சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை 196 ஹெர்ட்ஸ். நாடகக் கொட்டகைகளில் ராஜபார்ட் நடிகர்கள் ஐந்து கட்டைக்கு ஏறிப் பாடியது வெறும் வித்தைக்காக அல்ல. உச்சத்தில் பாடும்போது குரலின் வலிமையும் தானே கூடும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குப் பாட்டு போய்ச் சேர அதுவே வழி.

இந்த மேடைக் குரல் ஒலிப்பதிவுக்குள் நுழைந்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சேலத்தில் நன்றாகத் தொடர முடிகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க இசைத்தட்டுகளில் சேலம் கோதாவரியின் குரல் பதிவாகியுள்ளது. அன்று மின்சார ஒலிப்பதிவு இல்லை. அது 1925இல்தான் வந்தது. பாடகி ஒரு பெரிய கூம்புக்குள் பாடுவார். அவர் குரலின் விசைதான் சவ்வை அதிரவைத்து, ஊசியை அசைத்து, மெழுகில் கோடு கீற வேண்டும். கூட்டவும் குறைக்கவும் திருகு எதுவும் கிடையாது. தாரஸ்தாயியில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும், கீழ்ஸ்தாயியில் கூம்பை நெருங்குவதும்தான் அன்றைய ‘மிக்ஸிங்’. தாழ்ந்த ஒலிகளைக் கூம்பு சரியாகப் பிடிக்காது. ஆனாலும் சட்ஜம் நமக்குக் கேட்கிறது. மேலே எழும் துணையொலிகளைக் கொண்டு காது அடியொலியை ஊகித்துக்கொள்கிறது.

ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937இல் ‘சதி அகல்யா’வுடன் படத்தொழிலில் இறங்கியது. அதற்குள் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் வந்துவிட்டன. குரல் மின்னோட்டமாகி, ஒளியாகி, பிலிமின் ஓரத்தில் நெளிகோடாகப் பதிந்தது. திறந்த வெளியில் மைக்கிலிருந்து இருமடங்கு தள்ளி நின்றால் ஒலி 6 டெசிபல் குறையும். கிட்டே வந்தால் முணுமுணுப்பும் பதியும். 1938இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ பின்னணிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்தபின், நடிகருக்குப் பாட்டுத் தொண்டை வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது.

இதன் விளைவை அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் (1950) கேட்கலாம். மனைவியைக் கொல்லத் திட்டமிட்ட கணவன் அவளை ஆசைகாட்டி மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, ஜி. ராமநாதன் இசையமைத்த பாடல் அது. வஞ்சகம் காதோரம் கொஞ்ச வேண்டிய இடம். கொட்டகை மேடையில் அதை ஓங்கிப் பாடியிருந்தால் அந்தப் பெண்ணே சுதாரித்திருப்பாள்! ராமநாதனின் மெட்டுக்கு உரிய புகழை ஓரளவு மைக்குக்கும் கொடுத்தாக வேண்டும்.

ஆயினும் கருவி வந்ததும் குரல் தாழ்ந்தது என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. சேலம், நாமக்கல் ஊர்களின் தெருக்கூத்தில் இன்று மைக் தொங்குகிறது. கட்டை மட்டும் இறங்கவில்லை. அங்கே சுருதியை நிர்ணயிப்பதில் முகவீணைக்குப் பெரும் பங்குண்டு. அது குட்டைக் குழல். குழல் குறுகக் குறுக சுருதி ஏறும். கூத்தர் அதனோடு சேர்ந்துதான் பாடியாக வேண்டும்.