கயிறும் ஒழுங்கும்: பாய்க்கப்பலிலிருந்து சிறுபடகு வரை

பாய்க்கப்பல்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் உடலமைப்பையும் பாய்களையும் பீரங்கிகளையும் விரித்துரைப்பர். அப்பாய்களை இயக்கிய கயிறுகள் பயன்படாத வேளையில் எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டன என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. வீட்டு முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருப்பது போன்ற ஒரு சிறு வேலையாகவே அது கருதப்படுகின்றது. ஆனால், நள்ளிரவில் திடீர்க் காற்று பாயை அறைந்தபொழுது, உரிய கயிறு கைக்கு அகப்பட்டதா, அகப்பட்டபின் தடையின்றி ஓடிற்றா என்பதிலேயே பல கப்பல்களின் கதி தங்கியிருந்தது. கயிற்றின் ஒழுங்கு எனப்பட்டது கண்ணுக்கு அழகாயிருத்தலா, அன்றி அவிழ்த்தவுடன் ஓடக்கூடியதாயிருத்தலா என்னும் கேள்வி கடற்றொழிலில் நெடுங்காலம் நிலவியது. அதன் வரலாற்றை மேலைத்தேயப் பாய்க்கப்பல்களையும் அவற்றின் வழிவந்த சிறு படகுகளையும் கொண்டு நோக்கலாம்.

முதலில் அளவை மனங்கொள்ளுதல் வேண்டும். 1869இல் ஸ்கொத்லாந்தின் டம்பாட்டன் நகரிற் கட்டப்பட்ட 'கட்டி சார்க்' என்னும் தேயிலைக் கப்பலின் கயிறுகளை ஒன்றோடொன்று தொடுத்தால் 11 மைல், அஃதாவது ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளம் வரும் என்பர். அவற்றுட் சில பாய்மரங்களைத் தாங்கி நிற்கும் நிலைக்கயிறுகள். ஏனையவை பாய்களையும் பருமல்களையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் ஓடுகயிறுகள். ஓடுகயிறு ஒவ்வொன்றும் மேலே பல கப்பிகளினூடாகச் சென்று, ஈற்றில் தளத்துக்கு வந்து சேரும். அவ்வாறு வந்துசேரும் முனைகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவை அனைத்தும் நிறத்தால் ஒன்றே. தாரூறிய மணம், தொடும்போது ஏற்படும் உணர்வு என்பவற்றாலும் ஒன்றே. பகலிற்கூட, பார்த்த மாத்திரத்தில் இது இன்ன பாயின் கயிறு எனக் கூறுதல் அரிது.

இச்சிக்கலுக்கு மாலுமிகள் கண்ட விடை இடத்தால் அறிதல் என்பதாகும். தளத்தின் இரு ஓரங்களிலும் பாய்மரங்களின் அடியிலும் துளையிட்ட தடித்த பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. அத்துளைகளில் மரத்தாலோ இரும்பாலோ ஆன முளைகள் செருகப்பட்டன. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு முளை உரியது, அது மாறுவதில்லை. ஒரு பாய்மரத்திற் கீழ்ப்பாய்களின் கயிறுகள் முன்னேயும், மேலே செல்லச் செல்ல உள்ள பாய்களின் கயிறுகள் படிப்படியாகப் பின்னேயும் அமைதல் பொது வழக்கு. இடப்புறத்தில் உள்ளதே வலப்புறத்திலும் அமையும். இவ்வழக்கு கப்பலுக்குக் கப்பல் பெரிதும் வேறுபடாமையால், ஒரு துறைமுகத்திற் புதிதாய் ஏறிய மாலுமி அன்றிரவே இருளில் முளைகளைக் கையால் எண்ணிச் சென்று உரிய கயிற்றை அவிழ்க்க முடிந்தது. ஒரு தொழிலின் நெளிவுசுளிவுகளை அறிதலை ஆங்கிலேயர் 'கயிறுகளைக் கற்றல்' என இன்றும் கூறுவது இவ்வனுபவத்தின் எச்சமெனக் கொள்ளலாம்.

முளையிற் கட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. கயிறு முளையைச் சுற்றி எட்டு வடிவிற் சில சுற்றுகள் சுற்றப்படுமேயன்றி முடிச்சிடப்படுவதில்லை. சணல் போன்ற நாராலான கயிறு நனைந்தால் ஊதி விறைக்கும்; முடிச்சு இறுகினால் கத்திதான் கதி. எட்டுச் சுற்றாயின் நொடியில் அவிழ்க்கலாம். முளையையே உருவிவிட்டால் முழுவதும் ஒருங்கே விடுபடும். எஞ்சிய கயிறு, முளையருகிலிருந்து தொடங்கி நுனியை நோக்கி, முறுக்கின் போக்குக்கு இசைய வலஞ்சுழியாகச் சுருட்டப்பட்டு அம்முளையிலேயே தொங்கவிடப்பட்டது. நுனியிலிருந்து தொடங்கிச் சுருட்டினால் முறுக்குகள் வெளியேற வழியின்றி நடுவிலே சிக்குண்டு நிற்கும். பாயை இறக்க வேண்டிய வேளையில் அச்சுருளைக் கழற்றித் தளத்திற் கவிழ்த்து வைப்பர். அப்பொழுது முதலில் ஓடவேண்டிய பகுதி மேலே வந்துவிடும்.

இவற்றோடு வேறொரு சுருளும் வழக்கில் இருந்தது. கயிற்றைத் தளத்தின்மீது பாய் முடைந்தாற்போல வட்டமாகத் தட்டையாகச் சுற்றிவைக்கும் இதனைப் 'பிளெமியச் சுருள்' என்பர். போர்க்கப்பல்களில் மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாள்களில் இது பெரிதும் விரும்பப்பட்டது. பார்ப்பதற்கு அழகியது என்பதில் ஐயமில்லை. எனினும் அடியில் ஈரத்தைத் தேக்கிக் கயிற்றையும் பலகையையும் கெடுக்கும். அவசரத்தில் ஓடவிட்டால் எளிதிற் சிக்கும். இங்குதான் ஒழுங்கின் இரு பொருள்களும் பிரிகின்றன. முளையிலே தொங்கும் சுருள் மாலுமியின் தேவையிற் பிறந்தது. தளத்திற் கிடக்கும் அழகிய வட்டம் அதிகாரியின் கண்ணுக்காகப் பிறந்தது. கப்பலின் ஒழுங்கனைத்தையும் பயன் ஒன்றைக்கொண்டே விளக்க முனைவோர் இதனை மறந்துவிடலாகாது. 1834இல் பொஸ்ரன் நகரிலிருந்து 'பில்கிரிம்' என்னும் கப்பலிற் சாதாரண மாலுமியாகச் சென்ற ரிச்சாட் ஹென்றி டேனா 1840இல் வெளியிட்ட நூலில், மாலுமிகள் ஒரு கணமேனும் வாளாவிருக்க விடப்படவில்லை என்பதையும், கயிறுகளைப் பேணும் வேலைக்கு முடிவே இருக்கவில்லை என்பதையும் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். கயிற்று வேலை கப்பலைக் காத்தது. அதனுடன் மனிதரை அடக்கிவைக்கும் கருவியாகவும் விளங்கிற்று.

காலம் எத்துணைக் குறுகியது என்பதற்கு 'யூரிடிசி' என்னும் பிரித்தானியப் பயிற்சிக் கப்பலின் முடிவு சான்றாகும். 1878 மார்ச் 24ஆம் நாள், மேற்கிந்தியப் பகுதியிலிருந்து நாடு திரும்புகையில், வைற் தீவுக்கு அண்மையிற் பனிப்புயலொன்று அதனைத் திடீரெனத் தாக்கியது. பாய்களைக் குறைக்கும் கட்டளைகள் பிறந்தன. ஆனால் நேரம் போதவில்லை. கப்பல் சரிந்து மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், இருவரே பிழைத்தனர். இவ்வழிவைக் கயிறுகளின் மேற் சுமத்துவது தவறு. திறந்திருந்த பீரங்கிச் சாளரங்களினூடாக நீர் புகுந்ததும் காற்றின் கொடுமையும் அதற்குக் காரணங்களாயின. எனினும் கட்டளைக்கும் கவிழ்தலுக்கும் இடைப்பட்ட காலம் சில நிமிடங்களே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அச்சில நிமிடங்களிற் சிக்குண்ட கயிறு ஒன்றே போதும்.

பெருங்கப்பல்கள் மறைய, பாய்த்தொழில் உல்லாசப் படகுகளிடம் எஞ்சியது. அவற்றிற் சுக்கானைப் பிடிப்பவர் அமர்வதற்குப் பின்தளத்திலே குழிவான ஓரிடம் அமைக்கப்பட்டது. அதன் பெயர் 'கொக்பிற்'. சேவற்சண்டைக் களத்தைக் குறித்த இச்சொல், முன்னர்ப் போர்க்கப்பலின் அடித்தட்டிற் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்ட இருண்ட பகுதியைக் குறித்தது. 1805 ஒக்ரோபர் 21ஆம் நாள் நெல்சன் உயிர்நீத்தது 'விக்ரறி'யின் இப்பகுதியிலேயே. சொற்களும் கப்பல்களைப் போலவே இடம் மாறுகின்றன.

உல்லாசப் படகுகளிலும் முதலில் ஆட்பலமே ஆண்டது. 1903இல் அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் வென்ற 'றிலையன்ஸ்' என்னும் ஒற்றைப் பாய்மரப் படகை ஓட்ட 64 பேர் தேவைப்பட்டனர். அவ்வாறான செல்வம் எல்லோருக்கும் இல்லை. ஒருவரோ இருவரோ கடலேகும் வழக்கம் வளர்ந்தது. 1895இற் புறப்பட்டு 1898இல் உலகைத் தனியே சுற்றி முடித்த ஜோசுவா சிலோக்கம் இதற்கு முன்னோடி. தனியொருவர் பாயைக் குறைக்க முன்தளத்துக்குச் செல்லுங்கால் அலை அவரை அடித்துச் செல்லலாம், மீட்க ஆளில்லை. ஆகவே ஆளைக் கயிற்றிடம் அனுப்பாது, கயிற்றை ஆளிடம் கொண்டுவருதல் நலமெனப்பட்டது. பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயை இழுத்தும் தளர்த்தியும் அடக்கும் தாமான், பாயைச் சுருக்கும் கயிறுகள் எனப் பலவும் கப்பிகள் வழியே கொக்பிற்றுக்குக் கொண்டுவரப்பட்டன.

இதனால் ஓர் இடர் நீங்க மற்றோர் இடர் தோன்றியது. பெருந்தளத்திற் பரந்திருந்த முனைகள் இப்பொழுது ஓர் ஆள் கால்நீட்டி இருக்கும் இடத்திற் குவிந்தன. பத்துப் பன்னிரண்டு கயிறுகளின் வால்கள் காலடியிற் கிடந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. கால் சிக்கினால் ஆள் விழுவார். ஒரு நுனி நீரில் வழுவினால் இயந்திரத்தின் சுழலியிற் சுற்றி அதனை நிறுத்திவிடும். கயிற்றைக் கண்டுபிடிப்பது பழைய கப்பலின் சிக்கல்; குவியலிலிருந்து அதனைப் பிரிப்பது புதிய படகின் சிக்கல்.

இதற்கு வேரிலேயே விடை காண முனைந்தவர் பிரித்தானியக் கடற்படைச் சிறப்புப் படையைச் சேர்ந்த கேணல் 'புளொண்டி' ஹஸ்லர். ஏறத்தாழ 26 அடி நீளமுள்ள தம் 'ஜெஸ்ரர்' படகின் தளத்தை மூடி, நடுவிலே ஆள் நிற்கக்கூடிய ஒரு வாயிலை மட்டும் வைத்தார். கொக்பிற்றே வேண்டாமென விட்டார். பாய்க்குச் சீனச் சங்கப்படகின் முறையை எடுத்துக்கொண்டார். அகலவாட்டில் முழுநீளச் சட்டங்கள் கோத்த அப்பாய், ஆஞ்சானைத் தளர்த்தினால் விசிறி போல் மடிந்து தானே கீழிறங்கும். முன்தளத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. 1960இல் பிளிமத்திலிருந்து நியூயோர்க் வரை நடந்த தனியாள் போட்டியில், பிரான்சிஸ் சிச்செஸ்ரர் 40 நாள்களில் முதலாவதாகச் சேர, ஹஸ்லர் இப்படகில் 48 நாள்களில் இரண்டாவதாகச் சேர்ந்தார். ஐரோப்பியப் படகின் கயிற்றுச் சிக்கலுக்குக் கீழைத்தேயப் பாய் விடையளித்தமை சிறப்பாகக் கவனித்தற்குரியது. எனினும் பெரும்பாலோர் அவரைப் பின்பற்றவில்லை. பழைய பாயையே வைத்துக்கொண்டு கயிறுகளோடு போராடினர்.

அவர்களுக்கு உதவியது நாரின் மாற்றமே. 'கொயர்' என ஆங்கிலத்தில் வழங்கும் தென்னைநார், நம் பகுதியின் 'கயிறு' என்னும் சொல்லையே தாங்கி மேற்கே சென்றது. மிதக்கும் இயல்பால் அது கப்பலை இழுக்கும் பெருவடங்களுக்கு விரும்பப்பட்டது. சணலும் மணிலா நாரும் ஓடுகயிறுகளாயின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைலோனும், 1941இல் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்ட ரெரிலீனும் இவற்றின் இடத்தைப் பிடித்தன. இவை நனைந்து விறைப்பதில்லை, உக்குவதுமில்லை. வேறிரு விளைவுகளும் ஏற்பட்டன. முதலாவது, கயிற்றுக்கு நிறமூட்ட முடிந்தமை. நீலப்புள்ளியுடையது ஆஞ்சான், சிவப்பு பாயைச் சுருக்குவது என வகுத்துக்கொண்டனர். பழைய கப்பலில் நிறம் ஒன்றாயிருக்க இடம் வேறுபட்டது. கொக்பிற்றில் இடம் ஒன்றாயிருக்க நிறம் வேறுபடுகின்றது. ஆயினும் இருளில் நிறம் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, புதிய கயிறுகளிற் பல முறுக்கப்படாமற் பின்னப்பட்டவை. அவற்றுக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற போக்கு இல்லை. வட்டமாகச் சுருட்டினால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு முறுக்கு ஏறி, ஓடும்பொழுது கப்பியிற் சிக்கும். எட்டு வடிவில் மடித்தல் அதனினும் நன்று. இன்னும் எளிய வழியொன்றும் உண்டு. கொக்பிற்றின் சுவரிலே துணிப்பையோ வலைப்பையோ தொங்கவிட்டு, ஆஞ்சானின் எஞ்சிய நீளத்தை நுனியிலிருந்து தொடங்கிக் கைக்குக் கை பையினுள் திணித்துவிடுவர். சுருளும் இல்லை, வட்டமும் இல்லை. பையினுள் எட்டிப் பார்ப்பவருக்கு அது வெறுங்குப்பையாகவே தோன்றும். பிளெமியச் சுருளிற் பழகிய அதிகாரியொருவர் கண்டால் தண்டனை விதித்திருப்பார். ஆனால் கடைசியில் உள்ளே சென்ற, கட்டிய இடத்துக்கு அண்மையான பகுதி மேலே கிடக்கின்றது. பூட்டைத் திறந்தால், சென்ற வழியே கயிறு மடிமடியாக மேலெழுந்து, எங்கும் சிக்காது, பாய் இறங்கி முடியும்வரை ஓடுகின்றது.