ஆழ்கடல் சுறாவில் பாதரசம்

சுறாவின் தசையில் மெத்தில் பாதரசம் சேர்வதையும், அதை உண்போருக்கு, முக்கியமாகக் கருவில் வளரும் குழந்தையின் மூளைக்கு, ஏற்படக்கூடிய கேட்டையும், அதைத் தடுக்க நாடுகள் வகுத்த வரம்புகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது. உணவுப் பாதுகாப்பின் வரலாற்றில் இது விசித்திரமான அத்தியாயம். எந்த மீனில் நஞ்சு மிகுதியோ, அந்த மீனுக்கே சட்டம் அதிகம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

எரிமலை, நிலக்கரிப் புகை, தங்கச் சுரங்கம் ஆகியவற்றிலிருந்து காற்றில் கலக்கும் பாதரசம் கடைசியில் கடலில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதன் ஒரு பகுதியை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மேல்மட்ட நீரில் வெயில் பட்டு இது ஓரளவு சிதைந்துவிடும். சில நூறு மீட்டர் கீழே, வெளிச்சமும் ஆக்சிஜனும் குறைந்த அடுக்கில், வெயிலால் சிதைய வழியில்லை. வட பசிபிக் மீன்களின் பாதரச ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, மேலடுக்குக்குக் கீழே உள்ள மெத்தில் பாதரசத்தில் 80 சதவீதம் வரை ஆழத்திலேயே உருவாகிறது என்றது. ஆகவே, ஆழத்தில் இரை தேடும் மீனுக்குப் பாதரசம் கூடுதலாகக் கிடைக்கிறது. சுறாவுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. அது உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது, நெடுங்காலம் வாழ்வது. ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் ஆழ்கடல் முள்சுறாக்கள் மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே பருவமடைந்து, ஓர் ஈற்றுக்கு ஓரிரு குட்டிகளையே போடுபவை. அத்தனை ஆண்டு இரையின் பாதரசமும் தசைப் புரதத்தோடு பிணைந்து அவற்றில் தங்கிவிடுகிறது.

கடலுணவில் பாதரசம் என்ற அச்சம் தொடங்கிய இடம் ஜப்பானின் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்து, பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் தள்ளாடியது, பேச்சு குழறியது. 1956 மே 1 அன்று ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசோகாவாவின் தரப்பிலிருந்து நோய் பற்றிய முறையான தகவல் சுகாதார அலுவலகத்துக்குப் போனது. குமமோட்டோ பல்கலைக்கழகம் 1959இல் கரிமப் பாதரசமே (மெத்தில் பாதரசம் இந்த வகை) காரணம் என்று கண்டது. அரசு அதை ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று.

அதுவரை இது ஓர் ஆலையின் குற்றம். குழாயை அடைத்தால் தீரும் என்று நம்ப இடமிருந்தது. 1960களின் இறுதியில் ஸ்வீடன் ஆய்வாளர்கள், சாதாரணப் பாதரசத்தையும் நீரடிச் சேற்றின் உயிரிகள் மெத்தில் பாதரசமாக்கும் என்று காட்டினார்கள். 1970 டிசம்பரில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் புரூஸ் மெக்டஃபி கடையில் வாங்கிய டப்பா சூரை மீனைச் சோதித்துப் பாதரசத்தைக் கண்டறிய, லட்சக்கணக்கான டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டு வாள்மீனைத் தின்ன வேண்டாம் என்று அமெரிக்க அரசே எச்சரித்தது. இந்த மீன்கள் எந்த ஆலைக்கும் அருகில் வாழ்ந்தவை அல்ல.

அப்போது சிலர், இந்தப் பாதரசம் புதிதா, முன்பே இருந்ததா என்று அறிய, அருங்காட்சியக ஜாடிகளைத் திறந்து பார்த்தார்கள். 1972இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று பாடம் செய்யப்பட்ட பழைய சூரை மீன்களைப் பற்றியது. மற்றது சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு மீனின் 90 ஆண்டுப் பழைய மாதிரிகளைப் புதிய மீன்களோடு ஒப்பிட்டது. இரண்டிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மீன் தொழில்துறைக்கு இது வரப்பிரசாதமாயிற்று: 'பாதரசம் இயற்கையாகவே இருப்பதுதானே!' பாடம் செய்யும் திரவம் பாதரச அளவை மாற்றியிருக்கக்கூடும் என்ற ஆட்சேபம் இந்த ஆய்வுகளின்மேல் உண்டு. பின்னர் 2014இல் வந்த கணக்கு, தொழில்யுகத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் கடலின் மேல்மட்ட நீரில் பாதரசம் ஏறத்தாழ மும்மடங்காகிவிட்டது என்றது. அது எப்படியிருந்தாலும், இயற்கையான பாதரசம் என்பதால் நரம்புக்குத் தீங்கு குறைந்துவிடாது. இந்த எளிய விஷயம் அன்றைய வாதங்களில் அடிக்கடி நழுவிப்போனது.

சுறாவின் மேல் முதலில் கைவைத்தவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடைகளில் 'ஃபிளேக்' என்று கேட்டால் கிடைப்பது சுறாதான். 1972இல் பெரிய 'ஸ்கூல்' சுறாக்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. மீனவர்கள் தூண்டிலை விட்டு வலைக்கு மாறி, நண்டும் கணவாயும் தின்று வாழும் 'கம்மி' சுறாவை அதிகம் பிடித்தார்கள். இனம், பால், நீளம், பிடிபட்ட இடம் இவற்றுக்கேற்பப் பாதரசம் மாறுகிறது என்ற விரிவான அளவீடுகளும் அந்தக் காலத்தில்தான் அங்கே எடுக்கப்பட்டன.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1973இல் மொத்தப் பாதரசத்துக்கு 0.4 பிபிஎம் (கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்), மெத்தில் பாதரசத்துக்கு 0.3 பிபிஎம் என்று கடுமையான வரம்பு விதித்தது. சூரை, சில ஆழ்கடல் மீன்கள், சுறா ஆகியவற்றுக்கு விலக்கும் அளித்தது. 2003இல் கர்ப்பிணிகளுக்கான அறிவுரை வந்தபோது, விலக்குப் பெற்ற அதே சுறாவின் பெயர் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவிலோ வாள்மீன் வியாபாரிகள் நீதிமன்றத்தில் வாதாடியதன் தொடர்ச்சியாக, 0.5 பிபிஎம்மாக இருந்த வரம்பு 1979இல் 1 பிபிஎம் ஆனது.

எவ்வளவு உண்டால் கேடு என்ற கேள்விக்கு விடை கொடிய வழியிலும் வந்தது. ஈராக்கில் 1971-72இல் மெத்தில் பாதரசம் பூசிய விதைத் தானியத்தை மாவாக்கி உண்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பிறகு ஃபாரோ தீவுகளில் பைலட் திமிங்கிலம் உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் நினைவாற்றல், மொழித்திறன் குறைபாடுகள் தெரிந்தன. அன்றாடம் மீன் உண்ணும் செஷல்ஸ் தீவுக் குழந்தைகளிடம் அப்படித் தெரியவில்லை. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு ஈடுசெய்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. உலக உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு 2003இல் வாரத்துக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்று, உடல் தாங்கும் அளவை வகுத்தது.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018இல் சுறாவுக்கு விதித்த உச்சவரம்பு, கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வார அளவு 80 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் சுறாவில் 50 கிராம் போதும், அந்த வாரக் கணக்கு முடிந்தது. குழம்பில் இரண்டு துண்டுகூட வராது. அமெரிக்க அரசின் நெடுங்காலச் சோதனைகளில் சுறாவின் சராசரி 0.979 பிபிஎம், மத்தியின் சராசரி 0.013. மத்தியில் அதே 80 மைக்ரோகிராம் சேர ஆறு கிலோ வேண்டும். கோடெக்ஸ் வரம்பு உடல் தாங்கும் அளவைப் பார்த்து மட்டும் வைக்கப்பட்டதல்ல. சந்தைக்கு வரும் மீனில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பங்கு கழிபடும் என்பதையும் பார்த்து வைக்கப்பட்டது.

சமையலால் பாதரசத்தைப் போக்க முடியாது. புளி, மஞ்சள், வேகவைத்து நீரை வடிப்பது எதற்கும் புரதத்தோடு பிணைந்த பாதரசம் அசையாது. உப்புக்கண்டமாக்கினால் நீர் வற்றி, கிராமுக்கான அளவு கூடுகிறது. ஈரல் எண்ணெயில், அது கொழுப்பு என்பதால், மெத்தில் பாதரசம் மிகக் குறைவு. உண்ட மெத்தில் பாதரசத்தில் பாதி உடலைவிட்டு வெளியேற ஏறத்தாழ 50 நாள் ஆகும்.

தமிழ்நாட்டில் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர்பெற்றவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கமும் கடற்கரையைத் தாண்டி ஊருக்குள் பரவியது. அமெரிக்காவின் 2001 எச்சரிக்கையோ கர்ப்பிணிகளோடு பாலூட்டும் தாய்மாரையும் சுறாவைத் தவிர்க்கச் சொன்னது. ஆனால் வழக்கத்தில் புட்டுக்கு எடுத்தது கரையோரத்துச் சிறிய பால்சுறா. சீக்கிரம் பருவமடையும் இனம், மீட்டர் நீளத்தைத் தாண்டுவது அரிது, பெரிய சுறாவின் அளவுக்குப் பாதரசம் சேர அதற்குக் காலமில்லை. இன்று நகரத்து மீன்கடையில் தோலுரித்துத் துண்டு போட்டு வைத்திருப்பது பால்சுறாவா, கொச்சியில் இறங்கிய பெரிய ஆழ்கடல் சுறாவா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.