அம்போன்: சகோதரப் பட்டியலுக்கு வெளியே

இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத் தலைநகர் அம்போன். அதே பெயருள்ள சின்னத் தீவில், குடாவை ஒட்டி இருக்கிற துறைமுக நகரம். 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.5 இலட்சம் பேர். அம்போன் கிறிஸ்தவர்கள், அம்போன் முஸ்லிம்கள், சுலாவெசியிலிருந்து வந்த பூட்டோன், பூகிஸ், மக்காசர் மக்கள், யாவாக்காரர், சீனர், அரபு வம்சாவளியினர் எண்டு கனபேர் கலந்து வாழுற ஊர்.

இந்தக் கதையில் எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களும் வருகினம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, 1605இலேயே அம்போன் கோட்டையையும் அவர்களிடமிருந்து எடுத்திருந்தது. அங்கே அவர்களுக்குத் தேவைப்பட்டது கராம்பு. அம்போனிலும் பக்கத்துச் சில தீவுகளிலும் மட்டும் அதை வளர்க்க விட்டு, மற்றத் தீவுகளில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பிற்காலத்தில் கிறிஸ்தவர்களுக்குப் பள்ளிக்கூடமும், படையிலும் கந்தோரிலும் வேலையும் கிடைத்தன. முஸ்லிம் ஊர்கள் பின்தங்கின.

ஆனாலும் ஊர்களுக்கு இடையில் 'பெலா' என்றொரு உறவு இருந்தது. முன்னோர் செய்த சத்தியத்தால் இரண்டு ஊர்கள் சகோதரர் ஆகிவிடும். ஒன்று முஸ்லிம் ஊராகவும் மற்றது கிறிஸ்தவ ஊராகவும் இருக்கலாம். ஒரு ஊர் பள்ளிவாசல் கட்டினால் மற்ற ஊர் வந்து தோள் கொடுக்கும். தேவாலயம் கட்டினாலும் அப்படித்தான். அந்த இரண்டு ஊர்களுக்குள்ள கலியாணம் செய்யேலாது. சகோதர முறை எல்லோ!

இப்படிப்பட்ட நகரம்தான் 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள் அன்று எரியத் தொடங்கியது. தொடக்கம், ஒரு கிறிஸ்தவ மினிபஸ் சாரதிக்கும் ஒரு முஸ்லிம் இளைஞனுக்கும் நடந்த வாய்த்தர்க்கம். 2002 பெப்ரவரியில் மலினோ ஒப்பந்தம் கையெழுத்தாகிறதுக்குள் மலுக்குவில் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள்.

பெலா எங்கே போனது? நாங்கள் இந்தக் கேள்வியைத்தான் விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தோம். 1979இல் வந்த சட்டம் நாட்டின் எல்லாக் கிராமங்களையும் ஒரே நிர்வாக அச்சில் வார்த்தது. பெலாவைக் காத்த மரபுத் தலைமைகள் அதோடு பலம் இழந்தன. 1998இல் சுகார்த்தோ ஆட்சி விழுந்தபோது பொருளாதாரமும் படுத்திருந்தது. அரச வேலைக்கும் சந்தைக்கும் போட்டி. இவற்றைவிட முக்கியமான ஒன்று: பெலா பழைய ஊர்களுக்கு இடையிலான உறவு. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த பூட்டோன்காரருக்கும், சந்தையில் கடை போட்டிருந்த பூகிஸ்காரருக்கும் அதில் இடமே இல்லை. ஆரம்ப நாட்களில் அடி விழுந்ததில் அவர்கள் முக்கியமானவர்கள். உள்ளே இருப்பவர்களைச் சகோதரராக்கிய மரபு, வெளியே நின்றவர்களை 'வந்தேறிகள்' என்றே விட்டுவிட்டது.

சண்டைக்குள்ளேயும் சனம் வழி தேடியது. இரண்டு பக்கத்துக்கும் நடுவிலான எல்லையில் சந்தை கூடி, மீனும் மரக்கறியும் கைமாறின. அவற்றை 'பாக்கு பாய்' சந்தை என்றார்கள். சின்னப் பிள்ளைகள் கோவம் போட்டுவிட்டுத் திரும்பச் சேருவதற்குச் சொல்லும் சொல் அது.

2011 செப்டெம்பரில் முஸ்லிம் மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர் ஒருவர் இறந்தார். கொலை என்று வதந்தி பரவி, திரும்பவும் வீடுகள் எரிந்தன. இந்த முறை இரு மதத்து இளைஞர்களும் 'சமாதானத் தூண்டுநர்கள்' என்ற பெயரில் இறங்கினார்கள். "அந்தத் தேவாலயம் எரியுதாம்" என்று செய்தி வந்தால், பக்கத்தில் இருக்கிறவர் போய்ப் பார்த்து, படம் எடுத்து, எரியவில்லை என்று எல்லாருக்கும் அனுப்புவார். கலவரம் 1999 போலப் பெருகவில்லை.

2019இல் யுனெஸ்கோ அம்போனை இசை நகரமாக அறிவித்தது. ஆனால் போரில் பிரிந்த குடியிருப்புகள் பல இன்னும் பிரிந்தே இருக்கின்றன. பெலா முன்னோர் விட்டுப்போன சொத்து. 2011இல் நடந்ததோ அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கியது. அதில் சேர எந்த ஊர், எந்தப் பரம்பரை எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை.