கக்கூஸ் தொட்டி ஒழுகிய வரலாறு

தலைப்பைப் பார்த்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடாதீங்க மக்களே, நான் பேசப்போறது சுத்தமான தண்ணியைப் பத்தித்தான். ஃபிளஷ் தொட்டியிலிருந்து சத்தமே இல்லாம கோப்பைக்குள்ள வழிஞ்சு போகுதே, அந்தத் தண்ணி. இந்த ஒழுகலை நூறு வருஷத்துக்கு மேல கட்டிப்போட்டு வச்சிருந்த பிரிட்டன், அதைத் தானே அவிழ்த்துவிட்ட கதை இது.

1596ல ஜான் ஹாரிங்டன் ஃபிளஷ் கக்கூஸ் பத்திப் புத்தகம் போட்டது, 1775ல அலெக்சாண்டர் கம்மிங் வளைகுழாய்க்குக் காப்புரிமை வாங்கினது எல்லாம் பலரும் எழுதியாச்சு. விட்டுடுவோம். நமக்கு வேண்டியது தொட்டி.

அந்தக் காலத் தொட்டியில அடியில ஒரு வால்வு இருக்கும். தூக்கினா தண்ணி போகும். வால்வு தேய்ஞ்சா தூக்காமலேயே போகும்! லண்டன்ல குழாயில எந்நேரமும் தண்ணி விடணும்னு பேச்சு வந்தப்போ இது பெரிய தலைவலியாப் போச்சு. 1871ல பெருநகரக் குடிநீர்ச் சட்டம் வந்தது. அதன்கீழ் அடுத்த வருஷம் வந்த விதிகள், தொட்டியில் வீணாவதைத் தடுக்கும் அமைப்பு கட்டாயம், ஒரு ஃபிளஷுக்கு இரண்டு காலனுக்கு மேல் (சுமார் 9 லிட்டர்) போகக்கூடாது என்றன.

இதற்குக் கிடைத்த விடைதான் சைஃபன். கவிழ்த்துப்போட்ட 'ப' மாதிரி ஒரு குழாய். அதன் வளைவு தண்ணி மட்டத்துக்கு மேல நிக்கும். நீங்க பிடியை இழுத்தா கொஞ்சம் தண்ணி அந்த வளைவைத் தாண்டும், மீதி எல்லாம் அதுவே பின்னாடி இழுத்துக்கிட்டு ஓடும். தண்ணிக்கு அடியில திறந்து மூடற சமாச்சாரமே கிடையாது. அப்புறம் எங்கேர்ந்து ஒழுகும்? நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல, ஆஸ்பத்திரிகள்ல, தலைக்கு மேல சங்கிலியோட தொங்கின இரும்புத் தொட்டிக்குள்ள இருந்ததும் இதே சைஃபன் வித்தைதான்.

கக்கூஸைக் கண்டுபிடிச்சவர்னு எல்லாரும் சொல்ற தாமஸ் கிராப்பர் உண்மையில அதைக் கண்டுபிடிக்கலை. அவர் விளம்பரப்படுத்தி வித்தது இந்த வால்வில்லாத் தொட்டியை. 1898ல அப்படி ஒரு தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினவர் ஆல்பர்ட் ஜிப்ளின். பேர் மட்டும் கிராப்பருக்கு :-)

சைஃபன்ல ஒரு குறை, சில சமயம் ரெண்டு மூணு தடவை இழுக்கணும். ஆனா எனக்குப் பிடிச்ச விஷயமே அதுதான். அது கெட்டுப்போனா ஃபிளஷ் ஆகாது, உடனே சரி பண்ணித்தான் ஆகணும். மிதவை கெட்டுத் தொட்டி நிரம்பினாலும், சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் எச்சரிக்கைக் குழாய் வழியாத் தெருவே பார்க்கக் கொட்டும். மானம் போறதுக்குள்ள ரிப்பேர் பண்ணிடுவாங்க.

1999ல புது விதிகள் வந்தன. 2001 ஜனவரியிலிருந்து ஃபிளஷ் 6 லிட்டர்தான். நல்லது. கூடவே வால்வுத் தொட்டிக்கும் அனுமதி, நிரம்பி வழிவதைக் கோப்பைக்குள்ளேயே விட்டுக்கொள்ளவும் அனுமதி. 1980ல ஆஸ்திரேலியாவின் கரோமா கம்பெனி கொண்டுவந்த ரெண்டு பட்டன் முறை பிரிட்டன்லயும் பரவிச்சு. தண்ணியை மிச்சம் பிடிக்கத்தான். ஆனா ரப்பர் வாஷர் எந்நேரமும் தண்ணிக்கு அடியில. ஒரு துளி மண்ணோ உப்புப் படிவமோ சிக்கினா போதும். 2020 செப்டம்பர்ல, இந்தத் தொட்டிகள் மிச்சம் பிடிப்பதைவிட வீணாக்குவதே அதிகம்னு அங்கே செய்தி வந்தது. ஒழுகும் ஒரு தொட்டி நாளைக்கு 200 முதல் 400 லிட்டர் வரை விடும்னு வாட்டர்வைஸ் அமைப்பு கணக்குச் சொல்லுது. அத்தனையும் குடிதண்ணி.

இப்ப நம்ம வீடுகள்லயும் பெரும்பாலும் இந்த வால்வு வகைதான். ராத்திரி படுக்கும் முன்னாடி தொட்டியில கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைச்சு விடுங்க. யாரும் ஃபிளஷ் பண்ணாம இருந்து, காலையில கோப்பையில நிறம் தெரிஞ்சா ஒழுகுது. தண்ணி மட்டம் நடுக்குழாயின் வாயைத் தொட்டுக்கிட்டு நின்னா குத்தம் மிதவை மேல, அதைக் கொஞ்சம் இறக்கி வச்சாப் போதும். மட்டம் கீழே இருந்தும் நிறம் இறங்கினா அடி வாஷர். ஆங்கிள் காக்கை மூடிட்டு, தொட்டியைக் காலி பண்ணி, வால்வைத் திருகிக் கழட்டுங்க. முதல்ல துடைச்சு மாட்டிப் பாருங்க, பாதி நேரம் அழுக்குதான். அப்பவும் நிக்கலைன்னா பழைய வாஷரைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு.