மகனின் கல்லறை

ரோசா பார்க்ஸைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரம். வெள்ளைக்காரருக்காக பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெண்மணி. கைது செய்தார்கள். கறுப்பின மக்கள் மொத்தமாக பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, 381 நாள். பாகுபாடு ஒழிந்தது. சுபம்.

இந்தக் கதையில் ஒரு நீதிபதி உண்டு. அவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ரிச்சர்ட் ரைவ்ஸ்.

1895ல் அதே மான்ட்கோமரியில் பிறந்த வெள்ளைக்காரர். சட்டக் கல்லூரியில் படித்தவரல்ல. வக்கீல் ஆபீஸில் இருந்தபடியே சட்டம் படித்து, 19 வயதில் வக்கீலானவர். 1951ல் ஜனாதிபதி ட்ரூமன் அவரை ஃபெடரல் அப்பீல் கோர்ட் நீதிபதியாக்கினார். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரே ஒரு படி கீழே. டெக்சாஸிலிருந்து ஃப்ளோரிடா வரை ஆறு தென் மாநிலங்கள் அந்தக் கோர்ட்டின் ஆளுகையில் இருந்தன.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். ரோசா பார்க்ஸின் வழக்கு மாநிலக் கோர்ட்டில் மாட்டிக்கொண்டது. அதை நம்பினால் ஆகாது என்று ஃப்ரெட் கிரே என்ற 25 வயது கறுப்பின வக்கீல், 1956 பிப்ரவரியில் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். வழக்குத் தொடுத்தவர்கள் வேறு நான்கு பெண்கள். அதில் கிளாடெட் கோல்வின், ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே இதே காரணத்துக்காகக் கைதானவள். அப்போது அவளுக்கு வயது 15.

மாநிலச் சட்டமே செல்லாது என்று கேட்கிற வழக்கு. எனவே மூன்று நீதிபதிகள். ரைவ்ஸ், ஃப்ராங்க் ஜான்சன், செய்போர்ன் லின். மூவரும் அலபாமாக்காரர்கள்.

சிக்கல் என்ன தெரியுமா? பி.காமில் படித்த மெர்கன்டைல் லாவைத் தாண்டி எனக்குச் சட்டம் தெரியாது. ஆனாலும் இது புரிகிறது. 1896ல் ஒரு ரயில் வழக்கில், சமமான வசதி இருந்தால் தனித்தனியாக உட்கார வைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. 1954ல் அதே சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடத்தில் மட்டும் அது கூடாது என்றது. பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய தீர்ப்பை மேலே இருப்பவர்கள்தான் ரத்து செய்யவேண்டும், நாம் செய்ய முடியாது என்றார் லின். வாயால் சொல்லவில்லையே தவிர அது ஏற்கெனவே ரத்தாகிவிட்டது என்று எழுதினார் ரைவ்ஸ். ஜான்சன் அவர் பக்கம். 1956 ஜூன் 5. இரண்டுக்கு ஒன்று. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. டிசம்பரில் மக்கள் பஸ் ஏறினார்கள்.

ரைவ்ஸுக்கு என்ன கிடைத்தது? பழைய சிநேகிதர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதுகூடப் போகட்டும். அவருக்கு அவர் பெயரையே கொண்ட ஒரு மகன் இருந்தான். இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டு வந்து, சட்டம் படித்துக்கொண்டிருந்தவன். நிறப் பாகுபாடு பற்றி அப்பாவோடு விவாதித்து, அவர் மனசை அசைத்தவன். 1949ல் கார் விபத்தில் இறந்துபோனான். தீர்ப்புக்குப் பிறகு, அந்தப் பையனின் கல்லறையை அசிங்கப்படுத்தினார்கள், ரைவ்ஸின் சொந்த ஊர்க்காரர்கள்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. தீர்ப்புகளை மாற்றிக்கொள்ளவுமில்லை. அறுபதுகளில் அதே கோர்ட்டின் இன்னும் மூன்று நீதிபதிகளோடு சேர்ந்து, தெற்கின் பாகுபாட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 1982ல், அதே மான்ட்கோமரியில்தான் இறந்தார்.

அடுத்த முறை ரோசா பார்க்ஸ் பெயரைக் கேட்கும்போது இவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மகனையும்.